எல்லாவற்றையும் மாற்று

என் மடிக்கணினிக்கு ஒன்பது வயது நிறைந்தபோது, இனித் தனக்கு எதிர்காலம் இல்லை என்று அதுவே அறிவித்துவிட்டது. ஒரு நாள் திறந்தேன். திரையில் ஒரு நீலப் பெட்டி. இந்த இயந்திரம் அடுத்த பதிப்புக்குத் தகுதி பெறவில்லை என்று அதில் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு முறை கிடைத்த கடிதமும் ஏறக்குறைய இதே நடையில்தான் இருந்தது. அதனால் எனக்கு அதன்மேல் இரக்கம் வந்தது.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைத்தொகுதியின் மாடியில் இருந்த பழுது பார்ப்பவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார், அடியில் திருப்பிப் பார்த்தார், பிறகு மூடி என் பக்கம் தள்ளினார்.

"புதுசு வாங்கிடுங்க லா, அக்கா."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. எங்க ஓடுதுன்னு அதுக்கே தெரியல."

என் தம்பிக்குப் போன் செய்தேன். பாசிர் ரிஸ்ஸில் தனியாக இருந்தான். வயது நாற்பத்தொன்று, கணினி வலையமைப்புகளைக் கவனித்துக்கொள்கிற உத்தியோகம். அதிகம் பேச மாட்டான். எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டதால், அவனுக்குப் பேச வேண்டியதையெல்லாம் அவன் சார்பில் நானே பேசிப் பழகிவிட்டேன். அடுக்குமாடிப் புளோக்கின் கீழே படுத்திருக்கும் பூனைகளைச் சிலரால் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது அல்லவா, பழைய கணினிகள் விஷயத்தில் அவன் அப்படி. விவரத்தைக் கேட்டதும் குரலே பிரகாசமாகிவிட்டது.

"லினக்ஸ் போட்டுடலாம்க்கா."

"அது என்ன, வைரஸுக்கு மருந்தா?"

"இல்ல. வேற சிஸ்டம். உங்க லேப்டாப்புக்கு அது போதும். சனிக்கிழமை வர்றேன்."

சனிக்கிழமை தீவின் ஒரு கோடியிலிருந்து புக்கிட் மேராவுக்கு ஒரு தம்ப்டிரைவை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். நான் ஆறாவது தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் பழைய சிஸ்டம் போய்ப் புதியது வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பிடிக்கும் என்று மெனுக்களையெல்லாம் தமிழிலேயே வைத்திருந்தான். கோப்பு, தேடு, பார்வை, உதவி. ஒன்பது வருஷமாக ஆங்கிலத்தில் மட்டுமே என்னை அதட்டிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென்று தமிழில் பேசியபோது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

எனக்குக் கணினியில் இருந்த வேலை எழுதுவது ஒன்றுதான். கிராஞ்சியில் ஒரு செடி நர்சரியின் அலுவலகத்தில் இருக்கிறேன். எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்று வாடிக்கையாளர்களுக்குச் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதித் தருவேன். அது போக, சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு வரவேற்புரையும் வாழ்த்துமடலும் எழுதிக் கொடுக்கும் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. கேட்டவர்களுக்கும் எழுதுவேன், கேட்காதவர்களுக்கும் எழுதுவேன்.

தம்பி பெரிய எழுத்துச் செயலி ஒன்றையும் போட்டுக் கொடுத்திருந்தான். ஆனால் அதைச் சொடுக்கிவிட்டுப் போய்த் தேநீர் போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திறந்திருக்கும். அதற்குப் பக்கத்திலேயே காகிதமும் பென்சிலும் போட்ட ஒரு சின்னப் படம் இருந்தது. அதைத் தொட்டவுடன் 'என்ன வேண்டும்?' என்பதுபோல் ஒரு வெள்ளைப் பக்கம் எதிரே வந்து நின்றது. அதுதான் டெக்ஸ்ட் எடிட்டர்.

"இதுல தடிப்பு எழுத்து எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"கிடையாது."

"அடிக்கோடு?"

"கிடையாது."

"கலர்?"

"இது டெக்ஸ்ட் எடிட்டர்க்கா. எழுத்து மட்டும்தான். நீங்க எழுதினா அது வெச்சுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை."

என் தம்பி தன்னைப் பற்றியே சொல்வதுபோல் இருந்தது.

முதல் வாரம் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எடிட்டர் என் முதல் பத்தியை மடக்காமல் ஒரே வரியாக வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வரியின் கடைசியைப் பார்க்க விரைவுச்சாலையில் போவதுபோல் போய்க்கொண்டே இருந்தேன். மெனுவுக்குள் எங்கோ 'வரியை மடி' என்று ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நானே உருளைக்கிழங்கு அடைத்த ஒரு கரிபஃப் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அப்புறம் எழுத்துப்பிழை பார்க்கும் வசதி. அது ஆங்கிலம் மட்டும் படித்தது போலிருக்கிறது. நான் எழுதிய ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டது. 'வணக்கம்' தவறாம். 'அன்புடையீர்' தவறாம். என் பெயரும் தவறாம். அதை அணைத்து வைத்த பிறகுதான் எனக்கு மரியாதை திரும்பியது.

அழிப்பதிலும் ஒரு வேடிக்கை இருந்தது. 'கோ' என்று அடித்துவிட்டுப் பின்னழிப்பு விசையைத் தட்டினால் முழு எழுத்தும் போகாது. கொம்பும் காலும் மட்டும் போய் வெறும் 'க' நிற்கும். இன்னொரு தட்டுத் தட்டினால்தான் அதுவும் போகும். தமிழ் எழுத்தை இப்படிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. வேலை இல்லாத நேரத்தில் 'கௌ' என்று அடித்து அடித்துக் கழற்றி விளையாடியிருக்கிறேன்.

ஒரு மாதத்தில் நாங்கள் சமாதானமாகிவிட்டோம். நான் எழுதினேன், அது வைத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் தம்பி, தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். அதையும் முழுதாகச் சொல்லவில்லை. "அக்கா, ஒருத்தங்களைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான். என்ன சமைக்கட்டும் என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

அவள் ஓர் உடற்பயிற்சி சிகிச்சையாளர். திருச்சிப் பக்கம் பிறந்து வளர்ந்து, வேலைக்காக இங்கே வந்து எட்டு வருஷமாகியிருந்தது. தம்பி முந்தின வருஷம் பூப்பந்து விளையாடப் போய் வலது முட்டியில் தசைநாரைக் கிழித்துக்கொண்டான். அதன் பிறகு ஆறு மாதமும் அவனை நடக்கப் பழக்கியவள் அவள்தான். அவனைத் தொடர்ந்து ஐந்து நிமிடம் பேச வைத்த முதல் மனிதரும் அவள்தான். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் எவனும் பேசித்தானே ஆகவேண்டும்! சிகிச்சை முழுதாக முடிந்த பிறகுதான் காபி குடிக்கவே போனார்களாம். அதில் அவள் ரொம்பக் கறார்.

"உங்க தம்பி பேசாததால ஒரு நன்மைக்கா," என்றாள் முதல் நாளே, என் வீட்டுச் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு. "பொய்யும் சொல்ல மாட்டார்."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கல்யாணத்தை ஒரு மண்டபத்தில் மாலை முகூர்த்தமாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. மாப்பிள்ளை வீடு என்று சொல்ல நானும் என் கணவரும்தானே. ஆகையால் நிகழ்ச்சி நிரலும் மேடையில் படிக்க வேண்டிய உரையும் என் பொறுப்பு என்று நானே அறிவித்துவிட்டேன். மேடையில் படிக்கப் போகிறவர் எங்கள் சித்தப்பா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஒலிவாங்கி அவர் கைக்குத்தான் போகும். கணீரென்ற குரல். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு புள்ளி விடாமல் வாசிப்பார். எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசகர் கிடைக்க மாட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டு வாரம் எழுதினேன். கிராஞ்சியில் பேருந்துக்காகக் காத்திருக்கிற நேரமெல்லாம் மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் எடிட்டரில் கொட்டிவிடுவேன். "திருமாலை வணங்கி, திருமகளை வாழ்த்தி" என்று தொடங்கி, "இந்த இனிய மாலைப் பொழுதில்" என்று விருந்தினரை வரவேற்று, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பத்தி, பெண் அழைப்புக்கு ஒரு பத்தி என்று எழுதினேன். நடை கொஞ்சம் கூடிப்போனது உண்மைதான். தம்பிக்கல்லவா எழுதுகிறேன்.

எல்லாம் முடித்து வைத்திருந்த நிலையில் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ஹால்ல ஈவ்னிங் ஸ்லாட்டை ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டாங்களாம். நமக்குக் காலைல தர்றேன்னு சொல்றாங்க. ஐயர்கிட்ட கேட்டேன், காலைலயும் முகூர்த்தம் இருக்காம்."

"சரி, அதனால என்ன, நல்லதுதான்."

"நீங்க எழுதினதுல டைம் எல்லாம் மாத்தணுமே?"

"அது ஒரு நிமிஷ வேலைடா."

பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு நிமிஷ வேலைதான். எடிட்டரில் தேடி மாற்றுகிற பெட்டி ஒன்று இருப்பதை அப்போதுதான் கற்று வைத்திருந்தேன். மேல் கட்டத்தில் 'மாலை' என்று அடித்தேன். கீழ்க் கட்டத்தில் 'காலை' என்று அடித்தேன். பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'மாற்று'. இன்னொன்றில் 'எல்லாவற்றையும் மாற்று'. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க நான் என்ன கற்காலத்திலா இருக்கிறேன்? இரண்டாவதை அழுத்தினேன்.

கண் இமைப்பதற்குள் இருபத்து மூன்று இடங்களில் மாற்றியாகிவிட்டது என்று எடிட்டர் சொன்னது. மேலே போய்ப் பார்த்தேன். 'இந்த இனிய காலைப் பொழுதில்.' அருமை. 'அனைவருக்கும் காலை வணக்கம்.' அருமை. மணிக்கணக்கு எண்களை மட்டும் கையால் திருத்திவிட்டுச் சேமித்தேன். மனிதர்கள் சந்திரனுக்குப் போனது எப்படி என்று அன்று எனக்குப் புரிந்தது. இந்த மாதிரி ஒரு பொத்தான் கையில் கிடைத்தால் யாரும் எங்கேயும் போகலாம்.

கோப்பைச் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். சித்தப்பாவுக்குப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி, விருந்தினருக்கு அதே வாசகத்தோடு நூற்றைம்பது மடிப்பு அட்டை. அச்சகத்துப் பெண் மறுநாள் அட்டையின் மாதிரியைக் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள். நான் கிராஞ்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையால் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்த்தேன். தாமரை இளஞ்சிவப்பில் இருந்தது, ஓரத்தில் தங்க நிறம் இருந்தது, மேலே 'காலை 9 மணி' என்று சரியாக இருந்தது.

"ஓகே லா, அடிச்சிடுங்க," என்று குரல் பதிவு செய்து அனுப்பினேன்.

கல்யாண நாள். கிராஞ்சியிலிருந்து கொண்டு வந்த பாக்குப்பனைத் தொட்டிகளை வாசலில் வைப்பதில் எனக்கும் என் கணவருக்கும் விடியற்காலை கழிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அட்டையை என் கையாலேயே கொடுத்தேன். இரண்டு பேர் அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நடை பிடித்திருக்கிறது போலும் என்று நானும் சிரித்து வைத்தேன்.

சித்தப்பா கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு ஒலிவாங்கியைத் தட்டினார்.

"திருக்காலை வணங்கி, திருமகளை வாழ்த்தி..."

எனக்கு ஏதோ உறுத்தியது. சித்தப்பா தடுமாறிவிட்டார் என்று நினைத்தேன். சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. திருக்காலை வணங்குவதில் என்ன தப்பு? இறைவன் திருவடியைத்தானே எல்லோரும் வணங்குகிறோம். தாளில் 'திருகாலை' என்றுதான் இருந்ததாம். நான் ஒற்றெழுத்தை விட்டுவிட்டேன் என்று எண்ணி, ஒரு 'க்' கையிலிருந்து போட்டுப் படித்ததாகப் பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார். வாழ்நாளிலேயே அவர் காகிதத்தைத் திருத்திப் படித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

நாதஸ்வரம் எழுந்தது. தம்பி வாசலில் பட்டு வேட்டியும் மாலையுமாக வந்து நின்றான். சித்தப்பா குரலை உயர்த்தினார்.

"இதோ, தோளில் காலையும் முகத்தில் புன்னகையுமாக மணமகன் வருகிறார்!"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கையில் மிச்சமிருந்த அட்டைகளில் ஒன்றைப் பிரித்தேன். இருபத்து மூன்று இடங்களும் ஒரே பார்வையில் கண்ணில் பட்டன. பெரியோர் காலை எடுத்துக் கொடுக்கிறார்கள். மணமகளின் தோழியர் பூகாலை ஏந்தி வருகிறார்கள், அதிலும் 'க்' இல்லை. அதற்குக் கீழே மணமக்களுக்கான வரி இருந்தது. அதைச் சித்தப்பா படித்துவிடக் கூடாது.

மேடைக்கு ஓடினேன். புதுப் பட்டுப்புடவையில் ஓடுவது என்பது ஓடுவதில் சேராது. நடுவழியில் ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "பந்தியில பாயசம் உண்டா?" என்று கேட்டார். "உண்டு, உண்டு," என்று கையை உருவிக்கொண்டு நிமிர்வதற்குள், அங்கே மணமக்கள் எதிரெதிரே நின்றாகிவிட்டது. சித்தப்பாவின் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது.

"இப்போது மணமக்கள் ஒருவருக்கொருவர் காலை மாற்றிக்கொள்வார்கள். மூன்று முறை!"

ஐயர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தினார். அத்தனை பேரும் மேடையையே பார்க்க, நான் மேடைப் படிக்குப் பக்கத்தில், ஒரு பூந்தொட்டியின் மறைவில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்பா அம்மா இல்லாத குறையைக் காட்டாமல் நடத்த வேண்டும் என்று எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன்!

சித்தப்பா தாளைப் பார்த்தார். மணமக்களைப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்து அவருக்கு முழுக் கதையும் புரிந்திருக்க வேண்டும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் வாழ்நாளில் அவர் தாள் இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை.

"என்ன எல்லாரும் அப்படிப் பாக்குறீங்க? சரியாத்தான் படிச்சேன்," என்றார். "இத்தனை நாளு அவங்கவங்க காலு அவங்கவங்களுக்கு. இனிமே இவன் காலு வலிச்சா அந்தப் பிள்ளை நொண்டணும். அந்தப் பிள்ளை காலு வலிச்சா இவன் நொண்டணும். அப்படி மாத்திக்கிட்டாத்தான் கல்யாணம். மாலை என்ன மாலை, சாயந்தரம் வாடிப்போயிடும்!"

ஒலிவாங்கி அவர் கையில்தான் இருந்தது. ஆனால் மணப்பெண் ஓர் அடி தள்ளித்தான் நின்றாள். அவள் தலையைச் சாய்த்துச் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.

"சித்தப்பா, இடது கால்னா ஓகே. வலது முட்டி எனக்கு வேணாம். அதோட கதை முழுசும் எனக்குத் தெரியும்."

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. ஐயரும் சிரித்தார். பாயசம் கேட்ட பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது என் தம்பி. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கச் சிரித்தான். அவன் பல்வரிசை முழுவதையும் நான் பார்த்தது அவன் சின்னப் பையனாக இருந்த காலத்துக்குப் பிறகு அன்றுதான். அவர்கள் மாலை மாற்றிக்கொண்ட மூன்று முறையும் சபை கைதட்டி எண்ணியது. நான் தொட்டியின் மறைவிலிருந்து வெளியே வந்து நானும் எண்ணினேன்.

பந்தியில் வரிசையாக எல்லாரும் என்னிடம் வந்து இன்னொரு அட்டை கேட்டார்கள். மணப்பெண்ணின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மிச்சமிருந்த பத்து அட்டைகளையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எதுக்குங்க சம்பந்தியம்மா, தப்புத்தப்பா இருக்கு, கொடுத்திடுங்க," என்று கெஞ்சினேன்.

"எங்க தெருவுல எத்தனையோ கல்யாண அட்டை வந்திருக்கு. யாரும் ரெண்டாவது தடவை படிச்சதில்ல," என்றார். திருப்பித் தரவில்லை.

மறுவாரம் தம்பியும் அவளும் விருந்துக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் நான் மடிக்கணினியை அவன் முன்னால் வைத்தேன்.

"உன் எடிட்டர் பண்ணின வேலையைப் பாரு."

"எடிட்டர் என்ன பண்ணுச்சு? நீங்க சொன்னதைத்தான் செஞ்சுச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நிஜமாவா, எல்லாத்தையுமான்னு?"

"'முழுச்சொல் மட்டும்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை டிக் பண்ணியிருந்தா திருமாலாவது தப்பிச்சிருப்பார்." சொல்லிவிட்டு யோசித்தான். "ஆனா மாலை மாத்துறது தப்பிச்சிருக்காது. அதுவும் முழுச்சொல்தான். அதுக்கு எழுத்துதான் தெரியும்க்கா, அர்த்தம் தெரியாது. அதனாலதான் ஒண்ணொண்ணா மாத்துற பட்டன் வெச்சிருக்காங்க."

தொடர்ச்சியாக அவன் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். கல்யாணம் ஆளை மாற்றத்தான் செய்கிறது. அவள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல தமிழ் எவ்வளவு அழகா தெரியுது! அண்ணி, எனக்கு ஒண்ணு எழுதித் தர்றீங்களா?" என்றாள். அக்கா அண்ணியாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

அவளுக்கு வேண்டியது ஒரு துண்டுப்பிரசுரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் இரண்டு தோழிகளும் கிராஞ்சிப் பக்கம் போய், விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு முதுகுவலிக்கும் முட்டிவலிக்கும் பயிற்சி சொல்லிக் கொடுப்பார்களாம். சொன்னதைப் போனதும் மறந்துவிடுகிறார்கள், கையில் ஒரு தாள் இருந்தால் நல்லது என்றாள். எழுதித் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டதும், முதலில் ஒரு சந்தேகத்தைத்தான் கேட்டாள்.

"'தினமும் காலை, மாலை காலை நீட்டவும்'னு போட்டா குழப்பமா இருக்குமா அண்ணி?"

"அந்தப் பேச்சே வேண்டாம்," என்றேன். "ரெண்டு வேளைன்னு போடு."

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் புக்கிட் மேராவுக்கு வந்துவிடுவாள். நான் எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அவள் நடந்துகொண்டே சொல்வாள், நான் அடிப்பேன், இரண்டு பேரும் சண்டை போடுவோம். அவளுக்கு எல்லாவற்றுக்கும் மருத்துவமனைச் சொல் வேண்டும். எனக்கு எல்லாவற்றுக்கும் அலங்காரம் வேண்டும். 'மலர் விரிவதுபோல் மெல்ல விரல்களை விரித்து' என்று நான் எழுதியதைப் பார்த்து, "அண்ணி, அவங்க வெல்டிங் வேலை பண்ணிட்டு வந்திருப்பாங்க," என்று சிரிக்காமல் சொன்னாள். நான் மலரை அழித்தேன். கொம்பு, கால் என்று ஒவ்வொரு பாகமாகப் போய், கடைசியில் வெறும் 'விரல்களை விரித்து' மட்டும் மிஞ்சியது. படித்துப் பார்த்தபோது அதுவே நன்றாக இருந்தது என்பதை நான் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு முறை முதுகுவலித் தாளை முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று யாரையாவது வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். தம்பி சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். என் கணவர் எங்கள் பேச்சைக் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான்தான் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். தலைப்பும் எச்சரிக்கையுமாக இருந்த முதல் மூன்று வரிகளை விட்டுவிட்டு, அவள் மடிக்கணினியைப் பார்த்துப் படித்தாள். எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும், நாமாக எதுவும் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

"மல்லாந்து படுக்கவும்."

படுத்தேன்.

"இரண்டு முட்டிகளையும் மடக்கி, கைகளால் சேர்த்துப் பிடிக்கவும்."

பிடித்தேன்.

"மார்பை நோக்கி மெல்ல இழுக்கவும். பத்து எண்ணவும்."

இழுத்தேன். எண்ணினேன். முதுகு உண்மையிலேயே சுகமாக இருந்தது. அப்புறம் சத்தத்தைக் காணோம்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அண்ணி. ஏழாவது வரியோட முடிஞ்சிடுச்சு."

"நான் எப்படி எழுந்திருக்கிறது?"

அவள் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். நாங்கள் அதை எழுதவே இல்லை. போன மாதம் எத்தனை பேரிடம் இந்தத் தாளின் முன்வடிவைக் கொடுத்தாள் என்று கேட்டேன். நாற்பது பேர் என்றாள். நாற்பது பேரும் கிராஞ்சியில் முட்டியைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிற காட்சி எனக்கு மனத்தில் எழுந்தது. அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அவளால் நிற்க முடியவில்லை. என் பக்கத்திலேயே தரையில் சரிந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படுத்த நிலையில் சிரித்தால் எழுந்திருப்பது இன்னும் கஷ்டம் என்பது அன்று தெரிந்தது. சத்தத்தில் தம்பி விழித்து, எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கடைசியில் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பக்கமாகப் புரண்டு, கீழ்க்கையை ஊன்றி, அவசரப்படாமல் எழுந்திருக்க வேண்டுமாம். எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அதை எட்டாவது வரியாக அடித்துச் சேமித்தேன்.